மேடத்தின் வாசிப்புக் கையேடு

"இந்தப் பேரை எடுத்திருங்க."

இதைச் சொல்லும்போது மேடத்தின் குரலில் கோபம் இருக்காது. காய்கறிக் கடையில் சொத்தைக் கத்தரிக்காயை ஒதுக்கி வைப்பவருக்கு அதன்மேல் என்ன கோபம்? சிவப்புப் பேனாவால் பெயரின் குறுக்கே ஒரு கோடு போடுவார். நான் கம்ப்யூட்டரில் அந்த வரியைத் தேர்ந்து ஒரு பட்டனை அமுக்குவேன். கீழே இருந்த பெயர்கள் ஒரு படி மேலே ஏறிக்கொள்ளும். அதோடு அந்த மனிதர் தேனி மாவட்டத்தின் சிந்திக்கத் தெரிந்தவர்கள் கணக்கிலிருந்து நீங்கிவிட்டார் என்று அர்த்தம்.

அப்போது தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் எனக்கு ஒரு டி.டி.பி. சென்டர் இருந்தது. தேனி தனி மாவட்டமாகிப் புது அலுவலகங்கள் வந்துகொண்டிருந்த காலம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, வீரபாண்டித் திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்போம். அடிப்பது நான், மடிப்பதும் வெட்டுவதும் என் மனைவி. என் வேகத்துக்கு அந்தத் தெருவில் ஆள் கிடையாது. காகிதத்தைப் பார்த்தபடி அடிப்பேன், திரையைப் பார்க்க மாட்டேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை நாற்பது பக்கம் அடித்துவிட்டு, என்ன அடித்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. தொழிலில் இருப்பவர்கள் இதைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள். பொருளை யோசித்தால் விரல் நின்றுவிடும்.

மேடம் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினார். சொந்த ஊர் கெங்குவார்பட்டி. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு வந்து ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். அவர் என்னிடம் அடிக்கக் கொடுத்தது ஒரே ஒரு நூல்தான். கடல் தாண்டிய நாட்டில் வாழ்ந்து மறைந்த ஒரு நாவலாசிரியர், தத்துவமும் எழுதியவர், அவரை எப்படிப் படிப்பது என்பதற்கான கையேடு. அந்த நாவலாசிரியரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவருடைய அன்பர்களும் சண்டைக்கு வருவார்கள், ஆகாதவர்களும் வருவார்கள். மனிதன் தனக்காகத்தான் வாழ வேண்டும், பிறருக்காகத் தன்னை அழித்துக்கொள்வது புண்ணியம் அல்ல, குற்றம் என்று ஆயிரம் பக்க நாவல்களில் எழுதியவர் என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

கையேடு முதலில் பன்னிரண்டு பக்கம்தான் இருந்தது. வருடத்துக்கு ஒரு பதிப்பு வந்து, கடைசியில் அறுபது பக்கத்தைத் தொட்டது. நாவலாசிரியர் எழுதியவற்றில் முதலில் படிக்க வேண்டியவை, பொறுத்துப் படிக்க வேண்டியவை என்று மேடம் பிரித்திருப்பார். அவரைப் பற்றிப் பிறர் எழுதியவற்றுக்குத் தனிப் பகுதி. சண்டை போட்டுப் பிரிந்த நண்பர்கள் எழுதிய நூல்கள்தான் அதில் அதிகம். அவை ஒவ்வொன்றின் பக்கத்திலும் "புழுக்கம்" என்று ஒரே சொல். கடைசிப் பக்கத்தில் நம் மாவட்டத்தில் அந்த நூல்களைப் படித்தவர்களின் பட்டியல் இருக்கும். அதிகபட்சம் பதினான்கு பேர் இருந்தார்கள். பெரியகுளத்தில் ஒரு மருந்துக் கடைக்காரர், சின்னமனூரில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர், இரண்டு வாத்தியார்கள், இப்படி. ஐம்பது பிரதி அடித்து மேடமே எல்லோருக்கும் அனுப்புவார்.

ஆகவே நீக்கப்பட்டவருக்கு, தான் நீக்கப்பட்ட விஷயம் தபாலில் போய்ச் சேரும்.

உத்தமபாளையத்து வாத்தியார் ஒருவர் வேலையை விட்டுவிட்டுப் படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பாவுக்காக என் வாழ்க்கையே போய்விட்டது" என்று மேடத்துக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினார். மேடம் அதை என் கடையில் உட்கார்ந்துதான் படித்தார். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பேனாவைத் திறந்தார். அந்தப் பதிப்பு கைக்குக் கிடைத்ததும் வாத்தியார் பஸ் ஏறி என் கடைக்கே வந்துவிட்டார். "எதுக்குங்க எடுத்தாக? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?" என்று என்னிடம் கேட்டபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் தோளைக் குலுக்கினேன். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் மேடத்தோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, தன் குழந்தைக்குக் காதுகுத்து என்று, பரீட்சை மேற்பார்வைக்குத் தனக்குப் பதிலாக ஒருநாள் நிற்க முடியுமா என்று கேட்டாளாம். "உங்க பிள்ளைக்குக் காது குத்துறதுக்கு நான் ஏன் மூணு மணி நேரம் நிக்கணும்?" என்று கேட்டதாக மேடமே சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

வாங்குவதிலும் அவர் அப்படித்தான். ஒரு சனிக்கிழமை நல்ல மழை. குடையை நீட்டினேன். "இத எதுக்குத் தர்றீங்க?" என்றார். "நனைஞ்சிருவீங்களே மேடம்" என்றேன். "நனையப்போறது நான்தானே" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். தெருமுனை திரும்பும்வரை நானும் என் மனைவியும் குடையோடு பார்த்துக்கொண்டு நின்றோம். "இந்தம்மாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு மாமா" என்றாள் என் மனைவி.

வீரபாண்டித் திருவிழா சமயத்தில் கடையில் நிற்க இடம் இருக்காது. நோட்டீஸ் வாங்க வந்த ஒரு பெண், புருசனுக்கு மஞ்சள்காமாலை தீர்ந்ததற்குத் தீச்சட்டி எடுக்கப்போவதாக என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மேடம் புரூஃபிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"நீங்க படுத்துக் கெடந்தா அவரு உங்களுக்காக எடுப்பாரா?"

"அவுக எங்க எடுப்பாக? அடுப்புச் சூடே ஆகாது அவுகளுக்கு."

"அப்ப நீங்க எதுக்கு எடுக்குறீங்க?"

"எனக்கு அவுக வேணுமே ஆத்தா."

மேடம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். "இது பதில்" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து நான் சத்தமாகச் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை.

நான் பி.காம். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் விழுந்தவன். சொந்தத்தில் யாரும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு விஷயத்தில் அபிப்பிராயம் கேட்டது கிடையாது. மேடம் கேட்டார். "வாரம் தவறாம இதை அடிக்கிறீங்களே, ஒரு நாவலாவது படிச்சுப் பாத்தா என்ன?" என்று தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். அகராதியை வைத்துக்கொண்டு எட்டு மாதம் படித்தேன். முடித்த அன்று நான் சொன்ன இரண்டு வாக்கியத்தைக் கையேட்டில் அந்த நாவலுக்குக் கீழே என் பெயரோடு சேர்த்தார். கடைசிப் பக்கப் பட்டியலிலும் என் பெயர் ஏறியது. மருந்துக் கடைக்காரருக்குக் கீழே, தோட்டக்காரருக்கு மேலே. என் பெயரை நானே அடித்தேன். அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் மாறினேன். கொஞ்சம் என்று சொல்வதுகூடப் பொய். பக்கத்துக் கடைக்காரர் பஞ்சு மெத்தையைத் தூக்கிவிடக் கூப்பிட்டால் போக மாட்டேன். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் கூப்பிட்டால் உட்கார்ந்தே இருப்பேன். இரக்கம் என்பது மூளை இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று நம்பினேன்.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பாவின் தங்கை, என் மனைவியின் தாய். எனக்கு மூன்று வயதில் அம்மா செத்துப்போனதும், கம்பத்திலிருந்து வந்து என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள். விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போவாள். சாயங்காலம் திரும்பும்போது மடியில் அவித்த மரவள்ளிக் கிழங்கு இருக்கும். போதும் என்பதற்கு அங்கே பழகிய மலையாளப் பழக்கத்தில் "மதி" என்றுதான் சொல்வாள். கிழங்கில் பாதியைக்கூடத் தின்னாமல் "எனக்கு மதிடா, நீ தின்னு" என்று என் பக்கம் தள்ளுவாள். பிறகு தன் ஒரே மகளையும் எனக்கே கட்டிவைத்தாள்.

அந்த அத்தைக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"இங்கன கூட்டியாந்துருவமா மாமா?" என்று என் மனைவி கேட்டாள். நாங்கள் கடைக்குப் பின்னால் இரண்டு அறையில் குடியிருந்தோம். ஒரு கட்டில் போட இடம் தாராளமாக இருந்தது.

"ஒருத்தருக்காக இன்னொருத்தர் தன்னை அழிச்சுக்கக் கூடாது" என்றேன்.

"யாரு அழியப்போறா? பீ மூத்திரம் எல்லாம் நான் பாத்துக்குவேன். நீங்க சும்மா இருந்தாப் போதும்."

"அப்ப கடை வேலை? நீயும் படுத்துட்டா நான் என்ன செய்ய?"

"அவுக ஒங்கள வளத்தவுக மாமா."

"அது அவுக இஷ்டத்துக்கு வளத்தது. நான் கேட்டனா?"

நாவலில் ஒருவன் அப்படித்தான் பேசுவான். எனக்கு அந்த வசனம் வாயில் நன்றாக உட்கார்ந்தது. வைகை அணைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் அத்தையைச் சேர்த்தோம். நல்ல இடம்தான், சுத்தமாக வைத்திருந்தார்கள். நான் ஒரே ஒரு தடவை போனேன். இரண்டு கரண்டி கஞ்சி ஊட்டினேன். கோணிய வாயால் "மதி" என்றாள். நானும் கரண்டியை வைத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தேன்.

அந்தச் சனிக்கிழமை மேடத்திடம் இதைச் சொன்னேன். பாராட்டுவார் என்றுதான் சொன்னேன், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது.

"அத்தையை வீட்டுல வச்சுக்க வேண்டாம்னு நீங்களா முடிவு பண்ணுனீங்களா?"

"ஆமா மேடம்."

"நல்லா யோசிச்சா?"

"நல்லா யோசிச்சுத்தான் மேடம்."

"அப்ப சரி" என்றார். பட்டியலை எடுத்து, மருந்துக் கடைக்காரரின் பெயரை எடுக்கச் சொன்னார். அவர் ஏதோ கோயில் திருப்பணிக் கமிட்டியில் மனசில்லாமல் சேர்ந்துவிட்டாராம். ஆகவே என் பெயர் முதலிடத்துக்கு ஏறியது. அன்று பரோட்டாக் கடைக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

அத்தையைச் சேர்த்த நாற்பதாவது நாள் காலையில் இல்லத்திலிருந்து போன் வந்தது. அத்தையைக் கம்பத்துக்குக் கொண்டுபோய் எடுத்தோம். என் மனைவி ஒரு சொட்டுக் கண்ணீர்கூட என் கண் முன்னால் விடவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் மட்டும் அழுதாள்.

அந்தச் சனிக்கிழமை கடை பூட்டியிருந்ததால் மேடம் திரும்பிப் போயிருப்பார். புதுப் பதிப்பின் புரூஃப் தயாராக இருந்தது. முதல் பெயராக நான் இருக்கும் அந்தப் பக்கத்தை அவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அத்தை செத்த ஒன்பதாம் நாள், விலாசத்தை விசாரித்துக்கொண்டு அல்லிநகரத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். அதுவரை நான் அங்கே போனதில்லை.

வாசல்வரை போனபிறகுதான் உறைத்தது. கருமாதி முடியவில்லை, தீட்டு இருக்கிறது. துட்டிக்காரன் பதினாறு கழியாமல் அடுத்தவர் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. அத்தையை வீட்டுக்குள் சேர்க்காதவன், அவள் தீட்டை மட்டும் ஒழுங்காகக் காத்தேன். பின்பக்கச் சந்து வழியாகப் போய், துவைக்கிற கல்மேல் புரூஃப் கவரை வைத்துவிட்டுக் குரல் கொடுக்கலாம் என்று சுற்றிக்கொண்டு போனேன்.

பின்கட்டில் வெயில் படும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. நடுவில் வட்டமாக வெட்டிய நாற்காலி. அதில் எலும்பும் தோலுமாக ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். மேடம் சேலையை முழங்காலுக்குமேல் சொருகிக்கொண்டு, அவள் தொடை இடுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். கிழவி ஏதோ சொல்லிச் சிரித்தாள். மேடமும் சிரித்தார். ஏழு வருடத்தில் அவர் பல்லை நான் பார்த்ததே இல்லை.

என்னைக் கண்டு அவர் பதறவில்லை.

"வாசல் வழியாவே வந்திருக்கலாமே."

"தீட்டு மேடம்."

"போஸ்டர் பாத்தேன். கடைசியில வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"இல்லையே மேடம். அங்கனதான் இருந்தாக, கடைசிவரைக்கும்."

"ஓ" என்றார். எதற்காக அப்படி நினைத்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் கண் அந்த நாற்காலியிலேயே இருந்தது.

"யாரு ஆத்தா அது?" என்றாள் கிழவி.

"அச்சு வேலை பாக்குறவரும்மா."

"சாப்பிட்டாராமா?"

"எத்தன வருசமா மேடம்?" என்று கேட்டேன்.

"ஒன்பது வருசம்."

"யாருக்காகவும் எதையும் செய்யக் கூடாதுன்னு நீங்கதான..."

"இவங்களுக்காக நான் செய்யல. எனக்காகச் செய்யறேன். எங்கம்மா இல்லாத வீட்டுல இருக்க எனக்குப் பிடிக்காது." சொல்லிக்கொண்டே செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். "வேணும்னு செய்யறது தியாகம் ஆகாது. உத்தமபாளையத்துக்காரரு வேண்டாவெறுப்பாச் செஞ்சிட்டு அழுதாரு. அதனால எடுத்தேன்."

"எனக்கு இத ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்!" என்று கத்திவிட்டேன். கிழவி பயந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதைச் சொல்ல? உங்க அத்தை உங்களுக்கு வேணுமா வேணாமான்னு எனக்கு எப்படித் தெரியும்? யோசிச்சீங்களான்னு கேட்டேன். யோசிச்சேன்னு சொன்னீங்க." துண்டை எடுத்துத் தாயின் முதுகைத் துடைத்தார். "அதோட, கையேட்டுல ஒன்பதாம் பக்கத்துல எழுதியிருக்கனே. நீங்கதான அடிச்சீங்க?"

கவரைக் கல்மேல் வைத்துவிட்டு வந்தேன். வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டு ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். என் மனைவி வெட்டு மேசையிலிருந்து எழுந்து வந்து என் பின்னால் நின்றாள். கனத்த எழுத்தில், சுற்றிலும் கட்டம் போட்டு, நான்தான் அதை வடிவமைத்திருந்தேன். அவள் ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தாள்.

"நாவலோடு நின்றுவிடாதீர்கள். நாவலை மட்டும் படித்தவர், அன்பே பலவீனம் என்று தப்பாக எடுத்துக்கொண்டு வீட்டாரிடம் கல்நெஞ்சராக நடப்பார். தான் நேசிப்பவருக்காகச் செய்வது தியாகம் அல்ல, தன் ஆசையை நிறைவேற்றிக்கொள்வது. இதைத் தெரிந்துகொள்ளக் கட்டுரைகளையும் கட்டாயம் படிக்கவும்."

படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"இது எப்ப அடிச்சது மாமா?"

"மொதப் பதிப்புலருந்தே இருக்கு. வருசா வருசம் அடிக்கிறேன்."

"அடிக்கையில படிக்கலையா?"

"இல்ல."

"எங்கம்மாவுக்கு அஞ்சலி போஸ்டர் அடிச்சீகளே, அதையாவது படிச்சுப் பாத்தீகளா?"

கடைக்கு எதிர்ச்சுவரில் அது இருந்தது. அத்தையை ஏற்றிய வண்டி கம்பத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒட்டியாக வேண்டும் என்று பத்து நிமிடத்தில் முடித்த வேலை. முந்தின வாரம் போடியில் ஒரு குடும்பத்துக்கு அடித்துக் கொடுத்த ஃபைலைத் திறந்து, படம், பெயர், தேதி மூன்றையும் மாற்றி அனுப்பியிருந்தேன். தெருவைத் தாண்டிப் போய் நின்று படித்தேன். அத்தையின் முகத்துக்குக் கீழே, "எங்கள் இல்லத்தில், எங்கள் கைகளில், கடைசி மூச்சுவரை சீராட்டப்பெற்ற எங்கள் தெய்வமே" என்று இருந்தது. அதற்கும் கீழே, அன்பு மருமகன் என்று என் பெயர். தேனியிலும் கம்பத்திலும் ஒன்பது நாளாக ஊரே அதைப் படித்திருந்தது. என் மனைவி முதல் நாளே படித்திருந்தாள்.